பின்னால் மட்டும் எறியலாம்

பெங்களூரில் ஏலம் எடுத்த
பழைய பூட்ஸ் மூட்டையைப் பிரித்தபோது
நாற்பத்தோரு ஜோடிக்கு அடியில் கிடந்தது,
அமுங்கிப்போன மாங்காய் மாதிரி.
"பெங்களூரா" என்றான் மாதேஷ்.
"அங்கிருந்து வந்தா பெங்களூராவா? மூக்கு எங்கடா?"
சைக்கிள் பம்பில் காற்றடித்தோம்.
இரண்டு பக்கமும் மூக்கு வந்தது.

எங்கள் அகாடமி என்பது
கந்திகுப்பம் தாண்டி நெடுஞ்சாலை ஓரம்
கோழிப்பண்ணையாக இருந்த இரண்டு கொட்டகை.
தகரப் பலகையில் துப்பாக்கி, கீழே செல் நம்பர்.
மழை பெய்தால் பழைய கோழிகள்
வாசத்தில் திரும்பி வரும்.
நாலரைக்கு விசில்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், ஐந்தரை நிமிடம்.
முன்னால் போகிறவனின் குதிகால்தான்
எங்களுக்குத் தெரிந்த உலகம்.

சட்டம் தெரிந்தவன் எவனுமில்லை.
இருசப்பன் போனில் ஒரு வீடியோ.
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி
பார்த்துவிட்டு இறங்கிச் சொல்வான்.
பாதிச் சட்டம் ஏணியிலேயே சிந்திவிடும்.

முதல் நாள்: பதினைந்து பேர் வேண்டும்.
சமையல் சென்றாயனைச் சேர்த்தும் பதினாலு.
இரண்டாம் நாள்: எச் எழுத்து மாதிரி கம்பம்.
கல்குவாரியில் கேட்டு வேலிக்கல் இரண்டு,
குறுக்கே ஒரு தைலமரம்.
மூன்றாம் நாள் ஏறியவன் வெகுநேரம் இறங்கவில்லை.
"டேய், முன்னால எறியக் கூடாதாம்."

நாங்கள் நம்பவில்லை.
பின்னால் இருக்கிறவனுக்குத்தான் தரலாம்.
முன்னால் போகணும்னா
நீயே சுமந்துகிட்டு ஓடு.

அன்றுதான் ஓடும்போது திரும்பிப் பார்த்தேன்.
எட்டு மாதமாக எனக்குப் பின்னால்
மூச்சாக மட்டும் இருந்த அன்வர் பாஷாவுக்கு
முகம் இருந்தது.
இடது புருவத்தில் ஒரு வெட்டு.

எட்டுப் பேர் தோள் கோத்துக் குனியும் ஒரு கட்டம் உண்டு.
எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான்
பெயரையே கேட்கிற ஊர்க்காரர்கள் நாங்கள்.
குனிந்த பிறகு
யார் காது என் காதில் உரசுகிறதென்று தெரியவில்லை.
யாரோ பூண்டு தின்றிருந்தார்கள்.

மைதானம், வற்றிய ஏரி.
கருவேல முள்ளுக்கு ஆறு பஞ்சர்,
லாரி டியூப் ஒட்டு.
ஒட்டுப் பக்கம் கனம் ஏறி
எப்போதும் இடப்பக்கமே துள்ளும்.
எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஓசூரில் முதல் ஆட்டம்.
அவர்கள் தங்கள் பந்தைக் கொண்டுவந்திருந்தார்கள்.

ரகசியம் வீணானது.
நேராகத் துள்ளும் பந்தை
இடப்பக்கம் தேடிக்கொண்டிருந்தோம்.
அறுபத்தெட்டுக்கு ஐந்து.

அந்த ஐந்து:
கோட்டைத் தாண்டிச் சென்றாயன் தடுக்கி விழுந்தான்,
பந்து அவன் வயிற்றுக்கடியில்.
விசில் ஊதியதும்
ஏதோ தப்பு என்று மன்னிப்புக் கேட்டான்.
நடுவர் கையை உயர்த்தினார்.
அதன் பெயர் ட்ரையாம்.

அகாடமியில் "ட்ரை பண்ணேன் சார்" என்றால்
இருபது தண்டால்.
இங்கே ஐந்து புள்ளி.
பஸ்ஸில் வரும்போது சென்றாயன்
அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
காவேரிப்பட்டணம்காரன், பல் எல்லாம் புழுதி.
அன்றிரவு சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

மார்ச்சில் வேலூர் முகாம்.
எனக்கு உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைவு.
மறுபடி அளக்கச் சொன்னேன்.
மறுபடியும் அரை.

அன்வருக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்கள்.
பூட்ஸோடு உள்ளே வரக்கூடாது என்று யாரோ கத்தினார்கள்.
கழற்றி, நாடாவை நாடாவோடு முடிந்து,
என்னைத் தேடித் திரும்பினான்.
நான் அவனுக்குப் பின்னால் இருந்தேன்.
சரியான இடம்தான்.

ஏல மூட்டையின் பூட்ஸ்.
ஒன்பதாம் நம்பர், எனக்குப் பெரிது.
நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்,
கீழே விடவில்லை.